சனிக்கிழமை முறைத் தண்ணீர்

காலை ஆறு இருபது. முதலில் கண்ணில் பட்டவர், வெளுத்த வெள்ளைச் சட்டையோடு வரப்பில் நின்ற ஒரு மனிதர். கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்திருந்தார். காலடியில் வாய்க்கால் நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஒரு முழம் தள்ளி அவருடைய நெல், கதிர் தள்ளும் பருவத்தில், வெடித்த மண்ணில் நின்றது. இடையில் இருந்தது ஒரு சாண் அகல மண் அடைப்பு. மண்வெட்டியால் இரண்டு கொத்து போதும். மண்வெட்டியும் பக்கத்திலேயே கிடந்தது. அவர் அதைத் தொடவில்லை.

எழுபதுகளின் பின்பாதி. உத்திரமேரூரில் நான் ஒரு சென்னை நாளிதழுக்குப் பகுதிநேரச் செய்தியாளன். ஏரியில் தண்ணீர் குறைந்து, ஒவ்வொரு வயல் பகுதிக்கும் வாரத்தில் ஒரு காலைப்பொழுது என்று முறை வைத்திருந்தார்கள். அதைப் பற்றி எழுத மாகறல் போகும் சாலையில் வந்தவன், சைக்கிளை நிறுத்தினேன்.

மதகு திறந்துவிடும் நீர்க்கட்டி வாய்க்கால் ஓரமாக வந்தார்.

"இன்னா சார், வேடிக்க பாத்துக்கினு கீறீங்க? உங்க முறை சார் இது. வெயில் உச்சிக்கு வந்தா அடைச்சிருவேன்."

"இன்னைக்கு சனிக்கிழமை" என்றார் வெள்ளைச் சட்டைக்காரர்.

"சனிக்கெயமன்னா? தண்ணிக்கு சனி புடிச்சிக்கிச்சா?"

அவர் சிரித்தார்.

"வாய்க்கா வரைக்குந்தான் என் வேல. வய மடைய அவங்கவங்கதான் வெட்டிக்கணும். சரி, நான் வெட்டட்டான்னு கேட்டா அதுக்கும் வாயத் தொறக்க மாட்றாரு" என்று நீர்க்கட்டி என்னிடம் முறையிட்டார். "நேத்து சாயங்காலமே தொறந்து வச்சிக்கட்டுமான்னு கேட்டாரு. அது பக்கத்து வயக்காரன் தண்ணி சார். கொல வியும்."

அந்த மனிதர் யார் என்பதை அவரே சொன்னார். கொச்சியைச் சேர்ந்த யூதர். சென்னையில் ஒரு மிளகு மண்டியில் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அந்த வேலையை விட்டுவிட்டு, மண்டியோடு பழக்கமுள்ள நிலக்காரரிடம் அரை ஏக்கரை ஒரு போகத்துக்குக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அவருடைய ஜனங்களில் பெரும்பாலோர் முன்பே இஸ்ரேலுக்குப் போயிருந்தார்கள். கடை வைத்துப் பழகியவர்களுக்கு அங்கே வயலும் கோழிப்பண்ணையும் கிடைத்தன. மண்வெட்டி பிடிக்கத் தெரியாமல் சிரமப்பட்டார்கள். அதனால் எஞ்சியிருந்த பெரியவர்கள் ஒரு முடிவு செய்தார்கள். இனிப் போகிறவர்கள் விவசாயம் கற்றுக்கொண்டு போகவேண்டும்.

"அந்த நாட்டைக் கட்ட எங்ககிட்ட பெரிய பணம் இல்ல. ஆளைத்தான் குடுக்கறோம். வயசானவங்க போக முடியாது. அவங்க எங்களைத் தயார் பண்ணி அனுப்பறாங்க" என்றார்.

இஸ்ரேல் பயணங்களை ஏற்பாடு செய்யும் பம்பாய் அலுவலகத்திலிருந்து ஒருவர் பயிரைப் பார்க்க வரவிருந்தார். அவர் சரி என்றால்தான் இவருக்கும், கொச்சியில் பெட்டி கட்டிவைத்துக் காத்திருந்த மனைவிக்கும் இரண்டு பெண்களுக்கும் விவசாயக் குடும்பம் என்ற வகையில் பயணம். இன்றைய தண்ணீர் தவறினால் கதிர் பதராகும். ஆனால் சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வுநாள்; வேலை செய்யக்கூடாது. அடுத்தவரைச் செய்யச் சொல்லவும் கூடாது.

ஏழு மணிக்குப் பக்கத்து வயலில் களையெடுக்கப் பெண்கள் வந்தார்கள். அவர்களை அழைத்துவந்தவர் காலனியைச் சேர்ந்த கிறிஸ்தவப் பெண். நாற்று விட்ட நாளிலிருந்து இவருக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். நின்று பார்த்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. மண்வெட்டியை எடுத்து அடைப்பை வெட்டிவிட்டார். தண்ணீர் வெடிப்புகளுக்குள் சத்தத்தோடு இறங்கியது. வெள்ளைச் சட்டைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அவரு கேக்கவே இல்லியேம்மா, நீ இன்னாத்துக்கு வெட்டுன?" என்றார் நீர்க்கட்டி.

"கேட்டாதான மாமா அவருக்குப் பாவம்? நானு நட்ட பயிரு. என் கண்ணு முன்னால காயறத பாத்துக்கினு நிக்கவா?"

மறுநாள் மதியம் மறுபடி போனேன். செய்திக்குத் தேவையில்லை, போனேன். அவர் அழுக்குப் பனியனோடு வரப்பு கட்டிக்கொண்டிருந்தார். நேற்று நடந்தது சரியா தப்பா என்று கொச்சிக்கு எழுதிக் கேட்டிருப்பதாகச் சொன்னார். நீர்க்கட்டி புங்கமர நிழலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் ஞாயிறு ஆராதனை முடிந்து வெள்ளைப் புடவையில் அந்த வழியாக வந்தார்.

"நைனா, மம்முட்டிய இன்னும் பேனா புடிக்கிற மாதிரியே புடிச்சிக்கினு கீற. ஓய்வுநாள்னு பாதிரியாரு படிக்கச்சொல்லோ ஏதோ அந்தக் காலத்து ஜனம்னு நெனச்சேன். நெசமாவே ஒர்த்தரு வந்து என் கையில களவெட்டக் கத்துக்கறாரு."

"நீங்க போற ஊர்ல அல்லாருக்குமே சனிக்கெயம லீவா சார்?" என்று கேட்டார் நீர்க்கட்டி.

"ஆமாம்."

"அப்ப அன்னிக்கி மதகு யாரு தொறப்பாங்க?"

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்தார். "தெரியல. எழுதிக் கேக்கறேன்."

"போனா உனுக்கு நெலம் குடுப்பாங்களா?" இது அந்தப் பெண்.

"குடுப்பாங்க."

"சும்மாவா? உய்தா போதுமா?"

"உழுதா போதும்."

அந்தப் பெண் வயலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அதுல முன்ன யாரு பயிரு வச்சிக்கினு இருந்தாங்க?" என்று கேட்டார்.

கொச்சிக்காரர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். "அதையும் நான் கேக்கல" என்றார். வரப்பில் கழற்றி வைத்திருந்த சட்டையின் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார். எந்தக் கேள்வியை எழுதினார் என்று எனக்குத் தெரியாது.

பம்பாய்க்காரர் ஒரு வியாழக்கிழமை வந்தார். நான் இருந்தேன். கதிரை உருவி மணியைக் கடித்துப் பார்த்தார். இவரை ஒரு மடை வெட்டி மறுபடி அடைக்கச் சொன்னார். கடைசியில் இரண்டு உள்ளங்கைகளையும் விரிக்கச் சொல்லி, காய்ப்பை விரலால் அழுத்திப் பார்த்தார். மலையாளமும் இல்லாத தமிழும் இல்லாத ஏதோ மொழியில் ஒரு வார்த்தை சொன்னார். கொச்சிக்காரர் அவருடைய கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"இன்னாவாம்?" என்று அந்தப் பெண் என்னைக் கேட்டார்.

"பாஸாயிட்டார்போல."

"பின்ன? கத்துக்குடுத்தது யாரு?"

அறுவடை முடிந்த மாதமே குடும்பத்தோடு அவர் இஸ்ரேலுக்குக் கிளம்பினார்.

அடுத்த போகத்துக்கு அந்த அரை ஏக்கரைக் குத்தகைக்குத் தரும்படி அந்தப் பெண் நிலக்காரரைக் கேட்டார். அந்த வருஷம் நிலம் தரிசாகக் கிடந்தது.