குமிழி நடுவில் நின்ற குளியலறை

ஏகாம்பரம் அண்ணன் போய்விட்ட செய்தி, காலை ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் வந்தது. தண்டலம் தாண்டியதும் முன் சீட்டில் இருந்தவர் போனைப் பார்த்துவிட்டு, "மெயின்டனன்ஸ் ஏகாம்பரம் பூட்டாராம்பா, நெஞ்சு வலியாம்" என்றார். அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்த நினைப்பு, 'அப்படியென்றால் என் வீட்டுப் பாத்ரூம்?' என்பதுதான். இன்று அவர் நினைவாகக் கூடியிருக்கும், அவரை அறிந்த உங்கள் முன்னால் இதை மறைத்துவிட்டு வேறு எதைச் சொன்னாலும் அது பொய்யாகிவிடும்.

ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலைக்கு வரும் புது இயந்திரத்தைத் தரையில் உட்கார வைப்பது அவர் வேலை. நான் அவருடன் இருந்தவன். ரசமட்டத்தை இயந்திரத்தின் மேல் வைத்து, அதற்குள் ஓடும் குமிழி நட்டநடுவில் வந்து நிற்கும்வரை கீழே போல்ட்டைத் திருகிக்கொண்டே இருப்பார். வாங்கி வைத்த டீ ஆறி ஏடு கட்டிவிடும். ஒருமுறை சூபர்வைசர் பொறுமை இழந்து "போதும் விடுங்க" என்றபோது, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "மெஷினு பொய் சொல்லும் சார். பபுளு சொல்லாது." உங்களில் பலர் அந்தப் பேச்சை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டிச் சிரித்திருக்கிறீர்கள்.

என் மனைவி மலருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனபோது எங்கள் பழைய பாத்ரூம் உதவாமல் போனது. வெஸ்டர்ன் டாய்லெட் வேண்டும், படி கூடாது, தரையில் ஈரம் நிற்கக் கூடாது, இன்னொரு தரம் விழுந்தால் நடப்பதே கஷ்டம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இங்கே கொத்தனார்கள் எல்லாரும் புது அடுக்குமாடிகளில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். சின்ன வேலை என்றால் "வரேன்" என்பார்கள், வர மாட்டார்கள். நான் புலம்பியதைக் கேட்டு ஏகாம்பரம் அண்ணன் சிரித்தார். "அம்மாம் பெரிய பிரஸ்ஸு மெஷினையே உக்கார வெச்சிகிறோம். ஒரு பாத்ரூமு நம்மளால ஆவாதா? நீ டைல்ஸ் வாங்கியா, நா வரேன்."

வந்தார். லீவு நாள் எல்லாவற்றையும் எனக்காகவே கொடுத்தார். பழைய தரையைப் பெயர்த்தோம், குழாயை மாற்றினோம், கமோடைப் பொருத்தினோம். தரைக்கு டைல்ஸ் பதிக்கும்போது ரசமட்டம் வெளியே வந்தது. அவர் குனிந்தால் நானும் குனிவேன், அவர் தட்டினால் நானும் தட்டுவேன். எந்த மூலையில் வைத்தாலும் குமிழி நடுவில் வந்து நின்றது. அதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். தண்ணீர் ஓட வேண்டுமானால் தரைக்கு வாட்டம் கொடுக்க வேண்டும், துளை இருக்கும் பக்கம் கொஞ்சம் சாய்வாக இருக்க வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாததல்ல. ரசமட்டம் கைக்கு வந்ததும் மறந்துபோனோம்.

சிமென்ட் காய்ந்த பிறகு மலர் முதல் சொம்பு ஊற்றினாள். தட்டில் ஊற்றிய ரசம் போலத் தண்ணீர் எந்தப் பக்கமும் போகாமல் பரவி நின்றது. "தரை நல்லாத்தான் கீது. தண்ணிக்குத்தான் எங்க போறதுன்னு தெரியல" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணனுக்கு வரவில்லை. முகம் கறுத்துப்போய், ரசமட்டத்தை லுங்கியில் துடைத்துப் பைக்குள் வைத்தார். "வர ஞாயித்துக்கெழம ஒடச்சிப் போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டு, வைத்திருந்த சாப்பாட்டைக்கூடத் தொடாமல் வண்டியை எடுத்தார்.

அந்த ஞாயிறு அவர் வரவில்லை. அடுத்ததற்கும் இல்லை. பஸ்ஸில் கேட்டால், "வர ஞாயித்துக்கெழம" என்று ஜன்னலைப் பார்ப்பார். நான் வைப்பர் ஒன்று வாங்கி மாட்டினேன். மலர் குளிக்கும் முன்னும் பின்னும் தண்ணீரைத் தள்ளிவிடுவது என் வேலையானது. ஒருநாள் அவள் வழுக்கி, குழாயைப் பிடித்துத் தப்பினாள். அன்றைக்கு அவரைப் பற்றி வாய்க்கு வந்ததை எல்லாம் பேசினேன். வேலையைக் கெடுத்துவிட்டு ஒளிகிற ஆள் என்றேன். "வாய வெச்சிகினு சும்மா இரு. நீயும்தான கூட நின்ன" என்றாள் மலர். அவர் சாவுக்கு நான் போனது இந்தக் கோபத்தோடுதான்.

மண்ணூரில் அவர் வீட்டு வாசலில் ஐஸ் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். மாலை போட்டேன், ஓரமாக நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, பாத்ரூம் எந்தப் பக்கம் என்று அவர் மகள் சுமதியிடம் கேட்டேன். அழுது வீங்கிய முகத்தோடு அந்தப் பெண் சங்கடப்பட்டாள்.

"இங்க இல்லண்ணா. பக்கத்து வூட்டுக்குப் போங்க. அப்பா ஒடச்சிப் போட்டுகிறாரு."

"ஏம்மா?"

"உங்க வூட்ல தப்பா பூட்ச்சாமே. மொதல்ல இங்க போட்டுப் பாக்கறேன், சரியா வந்தாத்தான் அங்க போவேன்னாரு. போட்டுப் போட்டு ஒடச்சிக்கினே இருந்தாரு."

உடலை எடுத்துப்போன பிறகு, அந்த வீட்டுப் பெண்கள் தலைக்கு ஊற்றிக்கொள்ளப் பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்தில், கட்டியிருந்த ஒரு தார்ப்பாய் மறைவுக்கு வெளியே, துணியும் கையுமாகக் காத்து நின்றார்கள். அவர் மனைவி கோமளா அண்ணியும் நின்றார். இத்தனை நாளும் அவர்கள் இப்படித்தான் குளித்திருக்கிறார்கள். என் வீட்டுத் தரைக்காக. என் வாழ்நாளில் அப்படி நான் கூசிப்போனது கிடையாது.

காரியம் முடிந்த அன்று, எங்கிருந்தாவது ஒரு கொத்தனாரைப் பிடித்து வருவதாக அண்ணியிடம் சொன்னேன். "மேஸ்திரி வேணாம். அவரு பாதி போட்டு வெச்சிகிறாரு. கூட இருந்தவரு, நீங்களே முடிச்சிக் குடுங்க" என்றார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? உள்ளே போய், அவர் கடைசியாகப் பதித்திருந்த பாதித் தரையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன். அது தயங்காமல் மூலைத் துளைக்குப் போய்ச் சேர்ந்தது. அதே இடத்தில் அவருடைய ரசமட்டத்தை வைத்தேன். குமிழி நடுவை விட்டு ஒதுங்கி நின்றது. அதை அப்படி நிற்க விடுவதற்கு அந்தக் கை எவ்வளவு பாடுபட்டிருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். மீதியை அவர் கொடுத்த வாட்டத்திலேயே போட்டு முடித்தேன்.

கிளம்பும்போது அண்ணி கேட்டார். "உங்க வூட்ல எப்ப ஒடைக்கிறீங்க? அந்தப் பொண்ணு வுயுந்துடப்போவுதுன்னு சொல்லிக்கினே இருந்தாரு."

"வர ஞாயித்துக்கெழமண்ணி" என்றேன். சொன்ன பிறகுதான் அது யார் வார்த்தை என்று உறைத்தது.

ஞாயிறு உடைத்தேன், போட்டேன். காய்ந்த பிறகு மலர் என்னைக் கூப்பிடாமல் தானே போய்க் குளித்தாள். பழக்கத்தில் நான் வைப்பரைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். உள்ளே தண்ணீர் சளசளவென்று துளைக்குள் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. மலர் தண்ணீர் நிற்காத தரையில் கால் வைத்து வந்து, என் கையில் இருந்ததைப் பார்த்தாள். அதை வாங்கிக் கதவுக்குப் பின்னால் மாட்டினாள்.

ஏகாம்பரம் அண்ணனுக்கு வந்த வெட்கத்தில் அவர் தன் வீட்டை உடைத்தார். எனக்கு வந்த கோபத்தில் நான் அவரை ஏசினேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கூச்சம் ஒன்றுதான். ஒவ்வொரு நாளும் குளிக்கப் போகும்போது வருகிறது. வரட்டும்.