மலையோடு ஒரு சக்களத்திச் சண்டை

கிரேசிக்குச் சக்களத்தி என்று ஒருத்தி இருந்திருந்தால் முடியைப் பிடித்து உலுக்கியிருப்பாள். அவளுக்கு வாய்த்ததோ பர்மாவில், ஷான் மலையில் இருந்த பழைய வெள்ளிச் சுரங்கம்.

நாசரேத்தில் பிறந்து, மிஷன் பள்ளியில் படித்து, ஞானையாவைக் கட்டித் தூத்துக்குடிக்கு வந்தவள். மறு வருஷமே அவர் அந்தப் பாட்வின் சுரங்கத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். பாறையைக் கொத்திச் சோதனைக்கு அனுப்புகிற வேலை. கிரேசி தையல் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினாள். யுத்தத்தில் பர்மாவுக்குள் ஜப்பான்காரன் வந்தபோது அவர் காட்டு வழியே நடந்து, எலும்பும் தோலுமாக ஊர் வந்து சேர்ந்தார். பையில் பளபளக்கும் ஒரு கல்.

பிறகு துறைமுகத்தில் உப்பு மூட்டைக் கணக்கு. பேச்சு மட்டும் மலையைவிட்டு இறங்கவில்லை. எரிமலைச் சாம்பல் இறுகிப் பாறையானது, அது வெடித்த வழியே வெள்ளியும் ஈயமும் ஏறி உறைந்தது, சீனர்கள் வெள்ளியை மட்டும் உருக்கியெடுத்து ஈயக் கசடைக் குன்று குன்றாகக் கொட்டிப் போனது, வெள்ளைக்காரன் வந்து முதலில் அந்தக் கசடைத்தான் அள்ளியது, எல்லாம் சாப்பாட்டோடு வரும்.

“குழம்பு எப்படியிருக்குன்னு ஒரு நாளாவது சொன்னீங்களா?”

“நல்லாத்தான இருக்கு. அந்தக் கசடு இருக்குல்லா, அதுல...”

யுத்தம் முடிந்த மறு வருஷம், சுரங்கத்துக்குப் பழைய ஆட்களைக் கூப்பிடுவதாகச் செய்தி வந்தது. ஸ்தோத்திரப் பண்டிகை கழியட்டும், முடிவு சொல்லுகிறேன் என்றார் ஞானையா. அன்றிலிருந்து கல்லைத் தினமும் துடைத்தார்.

விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அந்தப் பண்டிகைக்கு எல்லாரும் வாழைத்தாரும் கோழியும் கருப்பட்டியும் சர்ச்சுக்குக் காணிக்கையாகக் கொண்டுபோனார்கள். கிரேசி அந்தக் கல்லைக் கொண்டுபோய்ப் பீடத்தில் வைத்துவிட்டாள். பீடத்தில் வைத்ததைத் திருப்பிக் கேட்க முடியாது. ஆராதனை முடிந்து காணிக்கைகளை விடும் ஏலத்தில்தான் எடுக்க வேண்டும்.

“பர்மா வெள்ளிக்கல்லு” என்று உபதேசியார் தூக்கிக் காட்டினார். பலசரக்குக்கடை சுந்தரராஜ் முதல் ஆளாகக் கேட்டார்.

ஞானையாவுக்குப் பொறுக்கவில்லை. “அண்ணாச்சி, இது ஈயக்கல்லு. வெள்ளி உள்ள துளியோண்டுதான் இருக்கும். வண்டி வண்டியா உருக்கணும்.”

“எடைக்கல்லு எங்கிட்ட ஏற்கெனவே இருக்குய்யா” என்று சுந்தரராஜ் உட்கார்ந்தார். கூட்டம் சிரித்தது.

அப்போது அற்புதமணி டீச்சர் எழுந்தாள். “நான் எடுத்துக்கிடுதேன். ஆனா சார் ஒருநா வீட்டுக்கு வந்து மிச்சக் கதையையும் சொல்லணும்.”

ஞானையாவின் முகம் மலர்ந்தது. கிரேசியின் எந்தக் குழம்புக்கும் அது அப்படி மலர்ந்ததில்லை. அவள் உடனே ஏலத்தை ஏற்றினாள். டீச்சரும் ஏற்றினாள். தையலில் சேர்த்ததெல்லாம் போன பிறகுதான் கல் கிரேசியின் கைக்கு வந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது ஞானையா கேட்டார். “ஏளா, நீயே வச்ச. நீயே ஏன் எடுத்த?”

“கண்டவ வீட்டுல நீங்க போய்க் கதை சொல்லதுக்கா?”

“சரி, நான் பர்மாவுக்குப் போகட்டுமா, வேண்டாமா?”

“போங்க. நானும் வாரேன்.”

“அங்க குளிரு தாங்கமாட்ட.”

“அத்தனை வருசம் உங்களப் பிடிச்சு வச்சிருந்துதே, அது மூஞ்சிய நான் பாக்கணும்.”

மறுநாள் ஞானையா, தான் வரவில்லை என்று சுரங்கத்துக்குச் சொல்லியனுப்பிவிட்டார். கிரேசி அதற்கும் சமாதானமாகவில்லை. அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் அற்புதமணியிடமே சொன்னாள்:

“பாத்தியா டீச்சர், அந்தச் சுரங்கத்த என் கண்ணுல காட்ட அவருக்கு மனசு வரல.”