ஓவர் முடிந்ததும் பேசலாம்

மாலை ஏழு பத்துக்குச் செய்தி வந்தது. செய்தி என்றுகூடச் சொல்ல முடியாது, அது ஒரு கேள்வி. அன்று கடலுக்குப் போயிருந்த ரஞ்சித்குமார் ஈரக் காலோடு எங்கள் வாசலில் வந்து நின்று, "அண்ணி, தேவா அண்ணன் வந்துட்டாரா?" என்று கேட்டான்.

நான் அப்போது சிரித்துக்கொண்டிருந்தேன். சூப்பர் ஓவர் முடிந்து கால் மணி நேரம் ஆகியிருக்கும். கடலில் இருந்த படகுக்காரர்கள் வயர்லெஸ்ஸில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்திய சத்தம் இன்னும் காதில் இருந்தது.

"உங்களோடதானே வந்தார்?" என்றேன்.

"நாங்க அஞ்சேமுக்காலுக்கே கெளம்பிட்டோம் அண்ணி. கடைசித் தூண்டில இழுத்துட்டுப் பின்னாலயே வரேன்னாரு. பத்து நிமிசந்தான்னாரு."

அதன் பிறகுதான் யோசித்தேன். கத்திய குரல்களில் தேவாவின் குரல் இல்லை.

தேவா என் கணவர். வயது நாற்பத்தொன்று. திருவிடந்தைக்குத் தெற்கே இருக்கும் எங்கள் குப்பத்தில் பிறந்து, ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டுக் கடலுக்குப் போனவர். சொந்தமாக ஒரு ஃபைபர் படகு, கூட ஒரு ஆள். தூண்டில் நரம்பை விரலில் சுற்றிக்கொண்டு, கீழே கொத்துவது சங்கராவா கெளுத்தியா என்று இழுப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். பாதி நேரம் தப்பாகவும் சொல்வார். தப்பானால், "இது இன்னா, வேசம் போட்டுகினு வந்துகீது" என்று மீனைத்தான் திட்டுவார்.

கடலுக்கு அடுத்தபடி அவருக்கு கிரிக்கெட். அதிலும் ஐந்து நாள் ஆட்டமெல்லாம் பிடிக்காது. இருபது ஓவர் உலகக் கோப்பை வந்துவிட்டால் போதும், இந்தியா ஆடாத நாளிலும் ஏதாவது ஒரு நாட்டைத் தத்தெடுத்துக்கொள்வார். அதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார். இரண்டு அணியில் எந்த நாட்டுக்குக் கடற்கரை அதிகமோ, அந்த நாடு அவர் கட்சி. வரைபடத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது என் வேலை. ஒருமுறை நேபாளம் நன்றாக ஆடுகிறதே என்றேன். "கடலே இல்லாத ஊருக்கு இன்னாத்துக்கு அனு சப்போர்ட்டு? நாளைக்கி அவன் இங்க வந்து மீன் கேட்டா குடுக்கலாம். அவ்ளோதான்" என்றார்.

ஊரில் மாடி வைத்த வீடுகளில் எங்களுடையது கரைக்குப் பக்கத்தில் இருந்ததால் கரை வயர்லெஸ்ஸை எங்கள் வீட்டில் வைத்திருந்தார்கள். எங்கள் குப்பத்துப் படகுகள் எல்லாம் எட்டாம் சேனலில்தான் பேசும். நடுக்கடலில் போனில் சிக்னல் கிடைக்காது என்பதால், போன உலகக் கோப்பையின்போது அதிலேயே ஸ்கோர் சொல்ல ஆரம்பித்தார்கள். முதலில் சொன்னது தேவாவின் தம்பி மாரி. அவனுக்கு நாலு நாள்கூட அந்தப் பதவி நிலைக்கவில்லை.

"டேய், இன்னா ஸ்கோர்றா சொன்ன? வூட்டுக்கு வந்து பாத்தா வேற கீது" என்று தேவா சண்டைக்குப் போனார்.

"நீ சந்தோசமா தொழில் பண்ணட்டும்னுதான் அண்ணாத்த. ரெண்டு சிக்ஸு சேத்து சொன்னா இன்னா கொறஞ்சிடப் போவுது?"

"இனிமே அனு சொல்லட்டும். செங்கல்பட்டு காலேஜுல படிச்ச பொண்ணு. பொய் சொல்லாது."

"பொய் சொல்லாதா? உன்ன அழகுன்னு சொல்லித்தான கட்டிக்கிச்சி?"

அப்படித்தான் அந்த வேலை எனக்கு வந்தது. தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே பட்டனை அழுத்தி, பந்து பந்தாகச் சொல்வேன். அதில் ஒரு சிக்கல் உண்டு. பட்டனை அழுத்தியிருக்கும்வரை நமக்கு எதுவும் கேட்காது. கரை வயர்லெஸ் பெரியது, படகில் இருப்பது கைக்குள் அடங்கும் சின்னது. நான் பேசிக்கொண்டிருந்தால் படகிலிருந்து யார் பேசினாலும் எடுபடாது. ஆரம்பத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் அழுத்தி, ஒருவருக்கும் ஒன்றும் கேட்காமல் போனது. அதற்கு ஒரு முறை கொண்டுவந்தவர் தேவாதான்.

"ஓவர் நடக்கச்சொல்ல எவனும் அமுக்கக் கூடாது. ஓவர் முடிஞ்சா அனு கைய எடுக்கும். அப்ப பேசிக்கோங்க."

ஒவ்வொரு ஓவர் முடிந்ததும் விரலை எடுத்துவிட்டு இருபது எண்ணுவேன். அந்த இருபதுக்குள் கடல் பேசும். ஐஸ் எடுத்து வைக்கச் சொல்லு, ரசத்தில் புளி குறைக்கச் சொல்லு, வலையில் ஆமை சிக்கியது விட்டுவிட்டோம், யாரவன் என் பாட்டைப் பாடுவது. எண்ணி முடித்ததும் அடுத்த ஓவர். எல்லோருக்கும் பழகிப்போனது. மீன் ஏலத்தில் யாராவது குறுக்கே பேசினால்கூட, "இரு, ஓவர் முடியட்டும்" என்பார்கள்.

அன்று மூன்று மணி ஆட்டம். தேவா மதியமே தூண்டிலுக்குக் கிளம்பினார். கூடப் போனது பிரவின்குமார். எந்த இரண்டு நாடுகள் ஆடின என்று எழுத எனக்குக் கை வரவில்லை. தேவா தத்தெடுத்த அணி இரண்டாவதாக ஆடியது. பதினோராவது ஓவர் முடிந்த இடைவெளியில் அவர் குரல் வந்தது. "அனு, கொடுவா ஒண்ணு மாட்டிகினு கீது. சின்னது. நம்ம வூட்டுக்கு." சரி என்றேன். அதுதான் கடைசி.

பதினேழாவது ஓவர் முடிந்தபோது நான் விரலை எடுக்கவில்லை.

தெருவே எங்கள் வீட்டுக்குள் இருந்தது. ரஞ்சித்குமாரின் மனைவி லதா என் தோளைப் பிடித்து நெருக்கிக்கொண்டிருந்தாள். "கைய எடுக்காத அண்ணி, எவனாவது நடுவுல பூந்து கெடுத்துடுவான்" என்றான் மாரி. நானும் எடுக்க விரும்பவில்லை என்பதுதான் உண்மை. என் குரலுக்காக இத்தனை பேர் கடலில் காத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்திருந்தது. ஆட்டம் சமனில் முடிந்தது. சூப்பர் ஓவர் வந்தது. நடுவில் விளம்பரம் போட்டபோதுகூட, பந்து வீசப்போவது யார், அடிக்கப்போவது யார் என்று பேசிக்கொண்டே இருந்தேன். முப்பது நிமிடத்துக்கு மேல் இருக்கும். விரல் வலித்தபோது வேறு விரலை வைத்து அழுத்தினேன்.

ரஞ்சித்குமார் கேட்டுவிட்டு நின்றபோது, அந்த விரல்தான் முதலில் சில்லிட்டது.

ஓடிப்போய்ப் பட்டனை அழுத்தினேன். "தேவா, தேவா, கரையிலிருந்து அனு." விரலை எடுத்தேன். இரைச்சல். இருபது எண்ணினேன். மறுபடி அழைத்தேன். இரைச்சல். போன் தொடர்பு எல்லைக்கு வெளியே. ரஞ்சித்குமார் இன்னும் மூன்று படகுகளைக் கூட்டிக்கொண்டு திரும்பக் கடலில் இறங்கினான். மாரி கடலோரக் காவல் படைக்குப் போன் செய்து, பெயரையும் படகு எண்ணையும் தப்புத் தப்பாகச் சொல்லி, திருத்தி, மறுபடி சொன்னான்.

வெளியே நன்றாக இருட்டிவிட்டது. நான் வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அழைக்கப் பயமாக இருந்தது. நான் அழுத்தும் அதே நேரத்தில் அவர் அழுத்தினால் எனக்குக் கேட்காதே. அழைக்காமல் இருக்கவும் பயமாக இருந்தது. கரையில் ஒருவரும் இல்லையென்று நினைத்துவிடுவாரே. பட்டனுக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு, அழுத்தாமல், எடுக்காமல் இருந்தேன். இரைச்சல் கொஞ்சம் மாறினாலும் காதைப் பெட்டியோடு ஒட்டிவைத்தேன். ஒருமுறை தெளிவாக ஒரு ஆண்குரல் வந்தது. எழுந்தே விட்டேன். பக்கத்துக் குப்பத்துப் படகு.

"தேவா இல்லம்மா. நாங்க தேடிகினு கீறோம். நீ தைரியமா இரு."

"எதுனா தெரியுதா அண்ணே?" என்று லதா என் கையை விலக்கி அழுத்திக் கேட்டாள்.

"கெழக்க ஒரு டீசல் கேன் மெதக்குது. யாருதுன்னு தெர்ல."

லதா பட்டனிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். அந்த கேனில் மஞ்சள் பெயின்ட் இருக்கிறதா என்று கேட்க என் வாய் திறந்தது. தேவா எங்கள் கேனில் மஞ்சள் கோடு போட்டிருந்தார். ஆனால் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

விடியற்காலை ஐந்தேமுக்காலுக்குப் பிரவின்குமாரைத் தூக்கி வந்தார்கள். ஐஸ் பெட்டி மூடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறான். தேவா மறுநாள் மத்தியானம் கோவளம் பக்கம் கரை ஒதுங்கினார்.

எல்லாம் முடிந்த மூன்றாம் நாள் பிரவின்குமாரைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். மார்பிலும் கையிலும் தோல் உரிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"சொல்லு பிரவின். நான் கேட்டுக்கிறேன்" என்றேன்.

"கட்டை எதுவோ இடிச்சிடிச்சி அண்ணி. பின்பக்கம் விரிஞ்சி தண்ணி வந்துகினு இருந்துச்சி. மொதல்ல கணுக்கால் அளவுதான். அண்ணன் சிரிச்சிகினுதான் இருந்தாரு. 'ஓவர் முடியட்டும்டா, அனு கைய எடுக்கும், சொல்லிக்கலாம்'னாரு. மொண்டு மொண்டு ஊத்துனோம். ஓவர் முடிஞ்சிது. நீங்க பேசிகினே இருந்தீங்க. அடுத்த ஓவர்ல எடுக்கும்னாரு. அப்புறம் இஞ்சின் நின்னுடிச்சி. அப்பதான் அமுக்கி அமுக்கிப் பாத்தாரு."

"பதினாறாம் சேனல்ல போட்டிருக்கலாமே? அது காவல் படைக்கே கேட்கும்."

"எட்டுலேந்து மாறிடக் கூடாதுன்னு சேனல் பட்டன் மேல டேப்பு சுத்தி வெச்சிகீறோமே. எல்லாப் போட்டுலயும் அப்டித்தான கீது. ஈரக் கைல உரிக்க வரல."

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "என்னைத் திட்டினாரா?"

"இல்ல அண்ணி." அவன் இப்போதுதான் திரும்பினான். "தண்ணி முட்டிக்கு வந்துடிச்சி. 'டை ஆயிடிச்சாம்டா'ன்னாரு. அதுக்கப்புறம் ஒரு அலைல போட்டு சாஞ்சிடிச்சி. வெளிச்சம் இருக்கற வரைக்கும் பக்கத்துலதான் இருந்தாரு. அப்புறம் பாக்கல."

என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று கத்திக்கொண்டிருந்த வீட்டில் எல்லோருமே இருந்தார்கள். மாரி இப்போது வாசலோடு பேசிவிட்டுப் போகிறான், உள்ளே வருவதில்லை.

போட்டி நிற்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் அரையிறுதி வந்துவிட்டது. வயர்லெஸ் இன்னும் எங்கள் வீட்டு மேசையில்தான் இருக்கிறது. அணைத்து வைத்தால், யாரோ கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று தோன்றுகிறது. போட்டு வைத்தால், யாரோ கூப்பிட்டுவிடுவார் என்று பயமாக இருக்கிறது. போட்டே வைத்திருக்கிறேன். அரையிறுதி அன்று லதா தயங்கித் தயங்கி வந்தாள்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. கடல்ல கீறவங்க ஸ்கோர் கேக்கறாங்க."

வாசலிலிருந்து மாரி, "கேட்டா கேக்கட்டும். மானங்கெட்டவனுங்க" என்றான்.

"எங்கூட்டுக்காரும் அங்கதான் கீறாரு. மானத்தப் பத்தி நீ பேசாத" என்றாள் அவள்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. கேட்கிறார்கள் என்றால் அன்று போயிருந்த பதினோரு படகும் மிதந்துகொண்டிருக்கின்றன என்றுதான் நினைத்தேன். பட்டனை அழுத்தி, இரண்டு விக்கெட்டுக்கு நாற்பத்தாறு என்று சொன்னேன். உடனே விரலை எடுத்துவிட்டேன். இருபது எண்ணவில்லை, அதற்கு மேல் அழுத்தவே இல்லை. எல்லாப் படகும் கரையேறும்வரை அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் ரஞ்சித்குமாரைக் கூப்பிட்டு, எல்லாப் படகிலும் அந்த டேப்பை உரித்துவிடச் சொன்னேன். வயர்லெஸ் பக்கத்தில் ஒட்டுவதற்குப் படகுக்கு ஒரு சீட்டு எழுதித் தருவதாகச் சொன்னேன். ஈரத்தில் அழியாத மையில், பெரிய எழுத்தில்: ஸ்கோர் எட்டில். ஆபத்து என்றால் பதினாறில். ஓவர் முடியக் காத்திருக்காதே.

குப்பத்தில் இருப்பது இருபத்து மூன்று படகுகள். இதுவரை பதினான்கு சீட்டுகள் எழுதியிருக்கிறேன்.