குழாய்க்குள் இருந்த தோட்டா

மூன்று ஆண்டுகளாக ஒடீல் தெரியோ கடைத்தெருவைத் தாண்டி எங்கும் போனதில்லை. கணவன் லூசியனுக்குப் பக்கவாதம். வலக்கை தொங்கிப்போயிற்று. வலக்காலை இழுத்துதான் நடப்பான். நாக்கு மட்டும் ஆறே மாதத்தில் திரும்பி, முன்னைவிடக் கூர்மையாகிவிட்டது. காலையில் அவனை எழுப்பிக் குளிப்பாட்டி, ப்ளாய் என்ற மெல்லிய தோசையை வார்த்து வெண்ணெய் தடவிச் சுருட்டி இடக்கையில் கொடுத்து, ஜன்னலோரம் உட்கார வைப்பாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடாவின் சாலையில் கார்கள் போகும். அவளும் கொஞ்ச நேரம் நின்று அவற்றைப் பார்ப்பாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது வேறு. வாதம் வந்த அன்று சாயங்காலம் இருவருக்கும் வாய்ச்சண்டை. உருளைக்கிழங்குக் கிடங்கின் கூரையை இன்னும் சரிசெய்யவில்லையே என்று அவள் கத்திக்கொண்டிருக்கும்போதுதான் அவன் சரிந்து விழுந்தான். "இவ கத்தின கத்துலதான் எந்தம்பி விழுந்தான்" என்று அவன் அக்கா பெர்னதெத் ஆஸ்பத்திரியிலேயே சொன்னாள். பிறகு தேவாலய வாசலிலும் சொன்னாள். பேச்சு திரும்பியதும் லூசியனும் அதையே சொன்னான். கடைசியில் ஒடீலும் நம்பிவிட்டாள். ஒரு வாரம் வந்து தங்கிவிட்டுப் போ என்று கனெக்டிகட்டிலிருந்து தங்கை கூப்பிடும்போதெல்லாம் முடியாது என்றாள். தண்டனை அனுபவிக்கிறவள் ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்பாளா?

அந்த அக்டோபரில் லூசியனுக்குத் துப்பாக்கி நினைப்பு வந்தது. காட்டுக்கோழி சுடும் பழைய பம்ப் துப்பாக்கி அது. முன்கட்டையைப் பின்னால் இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். குழலுக்குக் கீழே இருக்கும் குழாயில்தான் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும். அவற்றைத் தள்ளும் சுருள்வில் தளர்ந்துவிட்டது. ஒவ்வொன்றாக விடவேண்டிய தகடுகள் தேய்ந்து இரண்டிரண்டாக விட்டன. பழுது பார்ப்பவர் கடையை மூடிவிட்டு மகளோடு தெற்கே போய்விட்டார். தபாலில் பாகங்களை வரவழைத்தான் லூசியன்.

"நான் சொல்றேன், நீ செய். என் கை நீதான்."

"மூணு வருஷமா அந்த வேலதான பாக்கறேன்."

சனிக்கிழமை காலை. ஒடீல் சாப்பாட்டு மேஜையில் பழைய துண்டை விரித்தாள். தோட்டாப் பெட்டிகளைக் காரின் டிக்கியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தாள். வில் தெறித்தால் கண்ணுக்கு ஆகாது என்று தையல் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்ற துப்பாக்கியை எடுத்தாள்.

"வாய அந்தக் கல்சுவர் பக்கம் திருப்பு. விசைல விரல் படக் கூடாது. கட்டையப் பின்னால இழு. அறை காலியா?"

"காலி."

"சரி, மூடியக் கழட்டு."

"இரு, குழாயையும் பாத்துடறேன்."

"அது காலிதான்! நாப்பது வருஷத்துல ஒரு நாள், ஒரே நாள், தோட்டாவோட வீட்டுக்குள்ள வந்திருக்கேனா? கழட்டுடி."

ஒடீல் கழற்றவில்லை. சுண்டுவிரலை உள்ளே விட்டாள். குழாய் காலியென்றால் வில்லின் முனை விரலில் தட்ட வேண்டும்; தட்டவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தாள். உள்ளே ஆழத்தில் பித்தளை மினுங்கியது.

துப்பாக்கியைப் பின்வாசல் படிக்கு எடுத்துப் போனாள். வாய் வானத்தைப் பார்க்க நிமிர்த்திப் பிடித்து, தகட்டை விரலால் அழுத்தினாள். சிவப்புத் தோட்டா ஒன்று நழுவி வந்து பலகையில் விழுந்தது. வீடு பெருக்கும்போதெல்லாம் இந்தத் துப்பாக்கியை வயிற்றோடு சாய்த்து நகர்த்தி வைத்தவள் அவள்.

தோட்டாவைக் கொண்டுவந்து அவன் முன்னால் மேஜையில் வைத்தாள்.

"இது என்ன?"

லூசியன் பார்த்தான். "வில்லு தளந்து போச்சுல்ல... மாட்டிக்கிச்சு."

"வில்லு தளந்தா என்ன? விரல் விட்டுப் பாக்காம நீ வாசப்படி ஏற மாட்டியே. நாப்பது வருஷமா அந்தப் பெருமைய நான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கனடாவைப் பார்த்தபடியே சொன்னான்: "விட்டேன். ஒண்ணும் தெரியல. விரல் மரத்துக் கெடந்துச்சு."

"எப்போ?"

"நான் விழுந்த அன்னைக்குத்தான். காலைல. காட்டுலயே மரத்துப் போச்சு. குளிருன்னு நெனச்சேன். மத்தியானம் கரண்டி கீழ விழுந்தப்பவே தெரிஞ்சுது, குளிரு இல்லன்னு. சொன்னா ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவே. நான் சொல்லல."

ஒடீல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்ப, நான் கத்துறதுக்கு முன்னாடியே."

"ஆமா."

"தெரிஞ்சே மூணு வருஷம் என்னப் பழி சுமக்க விட்டியா, கெழவா?"

"நீ வுட்டுட்டுப் போயிருவன்னு பயந்தேன்" என்றான் லூசியன். அழுதான். அவள் அவன் கண்ணைத் துடைக்க எழவில்லை. அவனுடைய இடக்கை நன்றாகத்தானே இருந்தது.

வேலையைத் தொடர்ந்தாள். மூடியைத் திருகும்போது உள்ளங்கையால் அழுத்தி, மெல்ல மெல்லத் தளர்த்தி, பழைய வில்லைப் பாயவிடாமல் வெளியே எடுத்தாள். குழலைக் கழற்றி, ஊசியைத் தட்டி விசைப்பெட்டியை இறக்கினாள். தேய்ந்த தகடுகள் இரண்டும் தாமாகவே துண்டில் விழுந்தன. புதியவற்றை வைக்கும்போது, "அது இடப் பக்கம்" என்று ஒரு தடவை மட்டும் அவன் முணுமுணுத்தான். எல்லாவற்றையும் பூட்டியபின் மருந்தில்லாத போலித் தோட்டாக்களைப் போட்டு இழுத்துத் தள்ளிப் பார்த்தாள். ஒவ்வொன்றாக, ஒழுங்காக வந்து விழுந்தன.

பிறகு தொலைபேசியை எடுத்து பெர்னதெத்தின் எண்ணைச் சுழற்றி, அவன் காதில் வைத்தாள்.

"என்ன சொல்ல?"

"எங்கிட்ட சொன்னத. கரண்டியையும் விடாம சொல்லு."

சொன்னான். எதிர்முனையில் பெர்னதெத் ஒரு பாட்டம் கத்தினாள். இந்தத் தடவை ஒடீலை அல்ல. ஒடீல் தொலைபேசியை வாங்கினாள். "அக்கா, அடுத்த வாரம் நீங்க வந்து இருக்கீங்க. ஏழு நாள். நான் எந்தங்கச்சி வீட்டுக்குப் போறேன்."

"நான் எப்படிடி தனியா அவன..."

"குளிப்பாட்டுற தண்ணி பதமா இருக்கணும். கால் பக்கத்துலேர்ந்து ஊத்துங்க. மத்தத அவனே கத்தி கத்திச் சொல்லுவான்."

போனாள். எட்டாம் நாள் திரும்பியும் வந்தாள். பஸ் வடக்கே ஏறி வந்தது. ஆற்றின் வளைவு தெரிந்ததும் இறங்காமல் அப்படியே உட்கார்ந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. வீட்டு வாசலில் பெர்னதெத் கோட்டு மாட்டி, பையோடு தயாராக நின்றிருந்தாள். உள்ளே லூசியன் ஒரு வாரத் தாடியோடு உட்கார்ந்திருந்தான்.

"வந்துட்டியா" என்றான்.

ஒடீல் பெட்டியை வைத்துவிட்டு, தாடியை மழிக்க வெந்நீர் போட்டாள்.