முதிரையைச் சீவாத இயந்திரம்

அண்ணாவின் நினைவு மலராக அச்சிடும் கல்வெட்டில் அவரைப் பற்றி நல்லதையே எழுதும்படி உறவினர்கள் கேட்டுக்கொண்டார்கள். நல்லது நிறைய இருக்கிறது. அதை முதலில் எழுதுகிறேன். மற்றதை எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

ஈச்சிலம்பற்றில், வயலும் கடலும் சேர்ந்து சோறு போட்ட வீட்டில் அண்ணா மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நான் அவருடைய ஒரே தங்கை. இடம்பெயர்ந்து திருகோணமலைக்கு வந்தபோது எங்களிடம் பாய்களும் ஒரு கேத்திலும்தான் இருந்தன. துறைமுகத்தை அண்டிய ஒரு பட்டறையில் அண்ணா இரும்பு கடையும் வேலை பழகினார். அந்த உழைப்பில்தான் நான் படித்தேன். எனக்குக் கல்யாணம் முடித்து வைத்த பிறகே அவர் தனக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார்.

பின்னர் சொந்தப் பட்டறை போட்டு, தச்சர்களுக்கு மரம் அரியும் வாள் மேசையும் பலகை சீவும் இயந்திரமும் செய்தார். புல்மோட்டையில் ஓர் இயந்திரம் நின்றுவிட்டது என்று அழைப்பு வந்தால், சாப்பாட்டுக் கோப்பையை மூடிவைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுப்பார். அவர் பெயர்த் தகடு இருந்தால் நம்பி வாங்கலாம் என்று தச்சர்கள் சொன்னது அப்படி வந்ததுதான். அந்நாட்களில் அவர் விளம்பரம் செய்ததே இல்லை.

வெளிநாட்டிலிருந்து மலிவான இயந்திரங்கள் வந்து இறங்கியதும் பட்டறையில் வேலை குறைந்தது. அண்ணா சிறிய மோட்டார் பூட்டிச் சீவும் இயந்திரம் ஒன்றைச் செய்து, முகநூலில் ஒரு வீடியோ போட்டார். இரும்புபோல் கடினமான மரமாகிய முதிரையின் கரடுமுரடான பலகை உள்ளே போகிறது. மறுபக்கம் வழவழவென்று வெளியே வருகிறது. "முதிரையையும் ஒரே இழுப்பில் சீவும்" என்கிறது அண்ணாவின் குரல். அதைப் பெருமையோடு பலருக்கு அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி.

இறக்கக்கண்டியில் கதவு, யன்னல் செய்யும் யோகராசா அதைப் பார்த்து வாங்கினார். முதல் முதிரைப் பலகையிலேயே மோட்டார் எரிந்தது. வீடியோவின் கீழ் அதை அவர் எழுதினார். அண்ணா பதில் எழுதினார்: "ஓட்டத் தெரியாதவர் கையில் எந்த இயந்திரமும் எரியும்." ஊர் அண்ணாவை நம்பியது. யோகராசாவிடம் கதவு செய்யச் சொல்லியிருந்தவர்கள் வேறு தச்சர்களிடம் போனார்கள்.

நோயில் படுத்த பிறகு அண்ணா என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, அந்த வீடியோவில வாறது முதலே சீவி வச்ச பலகை. மேல களிமண்ணைப் பூசிக் காயவிட்டனான். மெசின் மண்ணைத்தான் சீவினது."

என்னால் அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"யோகராசாவிட்ட நேர போய்ச் சொல்லோணும். என்னைக் கூட்டிக்கொண்டு போ" என்றார்.

ஓட்டோவில் போனோம். யோகராசா வீட்டு வளவுக்குள் நின்று கையால் பலகை சீவிக்கொண்டிருந்தார். அண்ணா இறங்கவில்லை.

"எனக்கு ஏலாது. ஓட்டோவைத் திருப்பச் சொல்லு."

வரும் வழி முழுவதும் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். அதன் பிறகு அவர் எழுந்து நடக்கவில்லை.

செத்தவீட்டுக்கு யோகராசா வந்தார். பந்தலில் ஆட்கள் உட்காரக் கதிரைகளை இறக்கிப் போட்டார். நான் அவரை ஒரு பக்கமாகக் கூப்பிட்டேன்.

"அந்த மெசின் இப்ப எங்க தம்பி?"

"அதுக்குள்ள கோழி அடைகாக்குது அக்கா. அந்த வேலைக்குத் திறம்."

களிமண் கதையைச் சொன்னேன். அவர் கதிரையை விரித்தபடியே பதில் சொன்னார்.

"எரிஞ்ச பிறகு அந்த வீடியோவைத் திரும்பப் பார்த்தனான். மரத்தூளா பறந்தது? புழுதியெல்லோ! எனக்குத் தெரியும் அக்கா. ஊருக்கெல்லோ தெரியாது."

இப்போது பட்டறையை நடத்தும் மருமகனிடம், அண்ணாவின் மகனிடம், இதை எழுதப்போவதாகச் சொன்னேன்.

"கல்வெட்டில ஆரும் இப்பிடி எழுதுவினமே அத்தை? இருக்கிற ஓடரும் போயிடும். அப்பான்ர பேர் என்னாகும்?"

"யோகராசான்ர பேர் என்னானது மகன்?"

அவர் எழுந்து போனார். அன்றே வீடியோவை அழித்துவிட்டார். எழுதுங்கள் என்று அவர் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் பிறகு சொல்லவில்லை.

அண்ணாவை முகம் சுளிக்காமல் பராமரித்த தாதியருக்கும், எங்கள் குசினியில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அயலவருக்கும், பாடை சுமந்தோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அண்ணாவின் அந்தப் பதிலை வாசித்தவர்கள். யோகராசாவுக்கு இயந்திரம் ஓட்டத் தெரியும். அந்த இயந்திரத்தால்தான் முதிரையைச் சீவ முடியாது. விற்கும்போதே அண்ணாவுக்கு அது தெரியும். அதே இயந்திரத்தை வாங்கிய மற்றவர்கள் தயவுசெய்து மென்மரத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள். வீட்டுக்குக் கதவு செய்ய இருப்பவர்கள் இறக்கக்கண்டிக்குப் போய் யோகராசாவிடம் சொல்லுங்கள்.

வெட்கத்துடன்,
தங்கை