தாளில் இருந்த பெயர்

ஈப்போவில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற பிறகுதான், இளவயதில் விட்ட எழுத்தை மறுபடியும் தொட்டேன். மன்னிப்பைப் பற்றி நான் எழுதிய தியானக் கட்டுரையை ஞாயிறு ஆராதனையில் வாசிக்கச் சொன்னார் போதகர்.

சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் காலைப் பிரட்டில், எல்லார் முன்னாலும் என் அப்பாவைச் செருப்பால் அடித்தார் கணக்கெழுதும் கிராணி ஒருவர். அவர் பெயரைப் போட்டே எழுதி, 'மன்னித்துவிட்டேன்' என்று முடித்திருந்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று பெருமை வேறு.

என் முறைக்குச் சற்று முன், சபைக்குப் புதிதாக வந்திருந்த ரீத்தா பக்கத்திலிருந்து மெல்லக் கேட்டார்.

"அண்ணே, நீங்களும் சித்தியவான் தோட்டந்தானாமே? செத்துப்போன எங்கப்பா அங்க கிராணியா இருந்தாரு. சேவியர் கிராணி. அவரத் தெரிஞ்ச ஒருத்தரக்கூட நான் பாத்ததில்லலா."

என் தாளில் அந்தப் பெயர் மூன்று இடத்தில் இருந்தது. பதில் சொல்வதற்குள் போதகர் என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

மேடையில் ஏறி நின்றேன். வரிசையாக எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பிரட்டில் அப்பாவையும் இப்படித்தான் பார்த்திருப்பார்கள். தோட்டம், கிராணி, செருப்பு, பெயர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, 'என் அப்பாவை ஒருவர் அவமானப்படுத்தினார்' என்று மட்டும் வாசித்து இறங்கினேன்.

"நல்லா எழுதியிருக்கீங்கண்ணே," என்றார் ரீத்தா.

வீட்டில் அந்தத் தாளைத் திரும்பப் படித்தபோதுதான், அவரையும் எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தத்தான் பெயரைப் போட்டிருக்கிறேன், இன்னும் மன்னிக்கவே இல்லை என்று தெரிந்தது. இப்போது எதை எழுதினாலும், ரீத்தா கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்துச் சத்தமாக வாசித்துப் பார்க்கிறேன். அந்தப் பெயரை ஜெபத்தில் மட்டும் சொல்கிறேன்.