எரிந்த ஊரைத் தன்னுடையது என்றவர்

கனடாவின் ஸ்கார்பரோவில் ஒரு கலியாண வீட்டில் அந்த மனிதர் என் மேசையில் வந்து இருந்தார். நோர்வேயின் வடக்குக் கரையில், ஒரு சின்ன ஊரின் மீன் தொழிற்சாலையில் வேலை. கட்டையான ஆள். மீன் வெட்டிக் காய்த்த கைகள். எதைச் சொன்னாலும் மேசையில் இருப்பதை நகர்த்திப் படம் காட்டுவார்.

“அண்ணை, இந்தக் கிளாஸ்தான் மலை. உந்தத் தட்டு கடல். இடையில ஒரு றோட்டு. அவ்வளவுதான் எங்கட ஊர். உலக யுத்தத்தில ஜேர்மன்காரன் பின்வாங்கேக்க எங்கட வீடுகளை முழுக்க எரிச்சவன். பனிக்காலம். நாங்கள் குகைக்குள்ள ஒளிச்சிருந்து, திரும்பி வந்து கட்டின ஊர்.”

“அப்ப நீர் பிறக்கவேயில்லையே! யாழ்ப்பாணத்தான் எப்ப அந்தக் குகைக்குள்ள போனவன்?” என்றேன்.

அவர் சிரித்தார். “ஊரில எல்லாரும் ‘நாங்கள்’ எண்டுதான் சொல்லுவினம், நான் சொன்னாலும் ஒருத்தரும் குறை பிடிக்கிறேல்ல. அதை விடுங்கோ, நீங்கள் குடியிருக்கிற மல்வேர்ன் பகுதி முந்தி என்னவா இருந்தது?”

“எனக்கென்ன தெரியும்? வேலைக்குப் போறன், வாறன்.”

எரிச்சலில் எழும்பிப் போய்விட்டேன். பொறாமைதான், வேறொன்றுமில்லை. இத்தனை வருடம் இருந்தும் இந்த இடத்தைப் பற்றி ‘நாங்கள்’ என்று என் வாயில் வந்ததில்லை. அவரோ, வேறு யாரோ பட்ட துன்பத்துக்குள்ளும் போய் இருந்துவிட்டார். அந்த ஊர்ச்சனம் அவரைத் தள்ளி இருக்கச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.